ஊசி வேண்டுமா, மாத்திரை போதுமா?

பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் வேளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "இரண்டு நாளாகக் காய்ச்சல், சாமி. டாக்டரிடம் போனோம். ஊசியே போடவில்லை, வெறும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்" என்பதே அது. இதில் வரும் 'வெறும்' என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். நோயாளியின் மனத்தில் மாத்திரை என்பது ஒரு சமாதானம், ஊசியே வைத்தியம். கட்டணம் கொடுத்தவன் கையில் குத்திய தழும்போடு திரும்பினால்தான் கொடுத்த பணம் செரித்ததாக எண்ணுகிறான். இந்த எண்ணத்தை நன்கறிந்த சில மருத்துவர்களும், மருத்துவம் படியாமலே மருத்துவர் என்று பெயர் வாங்கிவிட்டவர்களும் அவன் விரும்பியதையே கொடுத்து அனுப்புகின்றனர்.

ஊசிக்கு மூத்த சகோதரி ஒருத்தி உண்டு: அவளே 'குளுக்கோஸ் ஏற்றுதல்'. உடல் சோர்ந்தவுடன் "இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்வோர் நம் ஊர்களில் எத்தனை பேர்! அரை லிட்டர் பாட்டிலில் நூற்றுக்கு 5 வீதம் என்று கலந்திருக்கும் குளுக்கோஸ் 25 கிராம். அதாவது ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை. வாயால் உண்ணக்கூடிய ஒருவர் இரண்டு இட்லியைத் தின்று ஒரு குவளை மோரைக் குடித்தால் அதைவிட மேலான தெம்பைப் பெறுவார். நரம்பில் துளையும் விழாது, பணப்பையில் ஓட்டையும் விழாது.

ஆயினும் மக்களின் இந்நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது முறையன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 'யாஸ்' என்னும் கொடிய தோல்நோய் வெப்ப நாடுகளின் ஏழைக் குழந்தைகளை ஒருகாலத்தில் வாட்டி வந்தது. உடலெங்கும் புண்கள், நாளடைவில் எலும்பும் முகமும் உருக்குலையும். 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் இணைந்து 46 நாடுகளில் சுமார் 5 கோடி மக்களுக்குச் சிகிச்சை அளித்தன. நெடுநேரம் உடலில் தங்கும் பெனிசிலின் ஒரே ஓர் ஊசி. சில நாள்களில் புண்கள் ஆறின. ஊர் முழுவதும் இதைக் கண்ணால் கண்டது. அக்கண்களை உடைய மக்கள் ஊசியை அற்புதம் என்று கருதியதில் வியப்பென்ன? ஆனால் அக்கதையின் பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். அதே யாஸ் நோய்க்கு அசித்ரோமைசின் மாத்திரையை ஒரே வேளை விழுங்கினாலே பெனிசிலின் ஊசிக்கு நிகரான பலன் கிடைக்கிறது என்று பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வு 2012-இல் நிறுவியது. ஊசிக்குப் புகழ் தேடித் தந்த நோயே இன்று மாத்திரைக்கு வசப்பட்டுவிட்டது!

ஊசி செய்யக்கூடிய கேட்டிற்கு எகிப்து நாட்டைப் போல் இன்னோர் எடுத்துக்காட்டை நாம் அறியோம். நைல் நதியின் வாய்க்கால் நீரில் இறங்கி உழைக்கும் விவசாயிகளைப் 'பில்ஹார்சியா' என்னும் புழு நோய் தொன்றுதொட்டே பற்றி வந்தது. நத்தையின் உடலில் வளரும் அப்புழு, நீரில் நிற்பவனுடைய தோலைத் துளைத்து உள்ளே புகும். சிறுநீரில் இரத்தம் வரும். ஈரலும் சிறுநீர்ப்பையும் கெடும். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை எகிப்திய அரசு ஊர் ஊராக முகாம் நடத்தி இந்நோய்க்கு மருந்திட்டது. மருந்து ஆண்டிமனி உப்பு. 'டார்ட்டார் எமெடிக்' என்பார்கள். அதை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். அதுவும் ஒருவருக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு ஊசி வரை. காத்திருப்போர் வரிசை நீளம். கண்ணாடிச் சிரிஞ்சுகளோ சில. ஒருவருக்குப் போட்ட ஊசியைப் போதிய நேரம் கொதிக்க வைக்காமலே அடுத்தவருக்குப் போட்டனர். செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். மக்கள் நலத்திற்காகவே வெயிலில் நின்று உழைத்தவர்கள். ஹெப்படைட்டிஸ் சி என்னும் வைரஸுக்கு அன்று பெயர்கூட இல்லை. அது கண்டறியப்பட்டதே 1989-இல்தான்.

புழு குறைந்தது; வைரஸ் பரவியது. 2008-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி 15 முதல் 59 வயது வரையுள்ள எகிப்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் அந்த வைரஸ் தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. உலகில் வேறெந்தப் பெரிய நாட்டிலும் காணாத அளவு இது. ஈரல் சுருங்கியும் புற்றுநோய் கண்டும் ஒரு தலைமுறையே அவதியுற்றது. பழைய ஊசி முகாம்களே இதற்குப் பெருங்காரணம் என்று 2000-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டிற்று. பில்ஹார்சியாவுக்கு அந்த ஊசி நின்றது எப்போது தெரியுமா? 'பிராசிகுவாண்டல்' என்ற மாத்திரை வந்தபோது! 1980-களில் அது ஊசியின் இடத்தைப் பிடித்தது. ஊசியால் வந்த வினையும் கடைசியில் மாத்திரையால்தான் தீர்ந்தது. ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு முன்பெல்லாம் ஓராண்டுக் காலம் வாரந்தோறும் இண்டர்ஃபெரான் ஊசி போட்டு, காய்ச்சலும் சோர்வும் தாங்கி, அப்படியும் பலர் குணமாகாமல் போயினர். 2014 முதல் எகிப்தில் 'சோபோஸ்புவிர்' மாத்திரை வழங்கப்பட்டது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏறத்தாழ 5 கோடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, நோயுற்றோருக்கு இலவசமாக மாத்திரை கொடுத்தனர். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டைப் பாராட்டிச் சான்று அளித்தது.

இது எகிப்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எண்ணி ஆறுதல் அடைய வழியில்லை. 2000-ஆம் ஆண்டில் மட்டும் தூய்மையற்ற ஊசிகளால் உலகெங்கும் ஹெப்படைட்டிஸ் பி 2 கோடியே 10 லட்சம் பேரையும், ஹெப்படைட்டிஸ் சி 20 லட்சம் பேரையும், எய்ட்ஸ் நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. 2,60,000 பேரையும் புதிதாகத் தொற்றியிருக்கும் என்று மதிப்பிட்டனர். ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் சிரிஞ்சு பரவிய பின் இத்தொல்லை பெரிதும் குறைந்தது உண்மை. 2010-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் எச்.ஐ.வி. எண்ணிக்கை அதிகமாகப் போனாலும் 34 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அடங்கிய நெருப்பு அணைந்த நெருப்பன்று. 2019-இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில், ரத்தோதேரோ என்னும் ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு குழந்தைகளிடம் எச்.ஐ.வி. காணப்பட்டது; அவர்களுடைய அன்னையருள் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஊசியின் வழியே வந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று.

நம் நாட்டில் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஆய்வொன்று நடந்தது. ஆண்டொன்றுக்கு இந்தியாவில் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுகின்றன என்றும், அவற்றுள் நூற்றுக்கு 63 ஏதேனும் ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்றும் அது கண்டது. இதைப் படித்தவுடன் புதிய சிரிஞ்சு போதுமே என்று சொல்லத் தோன்றும். போதாது. தேவையற்ற ஊசி, புதிய சிரிஞ்சில் போட்டாலும் தேவையற்ற ஊசியே. இடுப்பில் தவறிக் குத்திய ஊசி நரம்பைக் கெடுத்துக் காலை இழுக்க வைத்ததுண்டு; மருந்து ஒவ்வாமல் போகும்போது வாயால் உண்டதைவிட ஊசியில் ஏறியது விரைந்தும் கடுமையாகவும் தாக்கும். "ஊசி போட்ட பிறகுதான் பிள்ளையின் கால் போயிற்று" என்று அழுத கிராமத்து அன்னையரைப் படித்தவர்கள் நம்ப மறுத்த காலம் ஒன்றிருந்தது. போலியோ கிருமி உடலில் புகுந்திருக்கும் நாள்களில் சாதாரணக் காய்ச்சலென்று தசையில் ஊசி குத்தினால், குத்திய காலே முடங்கும் வாய்ப்பு மிகுதி என்பதை மருத்துவ அறிவு உறுதிப்படுத்தியது. இந்தியா 2014-இல் போலியோ அற்ற நாடாயிற்று. அந்த அன்னையர் கூறிய சாட்சியம் மட்டும் பொய்யன்று என்பது நினைவில் இருக்கட்டும்.

ஆனால் மருத்துவரையும் நோயாளியையும் கடிந்துகொள்வதோடு நாம் நின்றுவிட்டால் பாதி வழியிலேயே நின்றவர்கள் ஆவோம். ஊசி எங்கிருந்து வருகிறது? மருத்துவமனைக் கிடங்கிலிருந்து. கிடங்குக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பட்டியலிலிருந்து! 1977-இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக 'அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல்' என்று ஏறத்தாழ 200 மருந்துகளைக் குறித்து வெளியிட்டது. சந்தையில் ஆயிரக்கணக்கில் மருந்துகள் குவிந்து கிடந்தாலும் பெரும்பான்மை மக்களின் தேவைக்கு இவ்வளவே போதும் என்ற துணிவான கருத்து அது. (அண்டை நாடான இலங்கையில் பேராசிரியர் செனக பிபிலே அதற்கு முன்பே, 1971-இல் தொடங்கிய அரசு மருந்துக் கழகத்தின் வழியாக இதே பாதையில் நடந்தவர் என்பதை இங்குச் சொல்லாமல் விட மனமில்லை.) உலகப் பட்டியல் இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இந்தியாவின் தேசியப் பட்டியல் 1996-இல் தொடங்கி 2022-இல் 384 மருந்துகளோடு புதுப்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1994-இல் நிறுவப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் இத்தகைய பட்டியலை வைத்தே மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது.

பட்டியலில் மருந்தின் பெயர் மட்டும் இருப்பதில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. மாத்திரையா, பாகா, ஊசியா என்ற வடிவமும் எழுதப்பட்டிருக்கும். ஊசி என்று எழுதிய வரி ஒன்று இருந்தால் அதை வாங்குவர். வாங்கியது கெடுநாளுக்குள் தீர வேண்டும். தீர வேண்டுமானால் யாருக்காவது போட்டாக வேண்டும். சிரிஞ்சும், குப்பையை எரிக்கும் செலவும், போடுகிற செவிலியரின் நேரமும் அந்த வரியோடு சேர்ந்தே வருகின்றன. ஒரு குழுவினர் மேசையில் அமர்ந்து ஒரே ஒரு வரியை அடித்தால், பல்லாயிரம் உடல்களில் விழ இருந்த குத்து விழாமல் போகிறது.

அப்படி அடிக்கப்பட்ட வரிகளுள் ஒன்று நம் நெஞ்சை நெகிழ வைப்பது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின் போன்ற ஊசிகளை மாதக்கணக்கில், பெரும்பாலும் நாள்தோறும் போட்டு வந்தனர். அம்மருந்து காசநோய்க் கிருமியை மட்டும் கொல்வதில்லை. உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்ணிய அணுக்களையும் கொல்லும். அவை மறுபடி முளைப்பதில்லை. நோய் தீர்ந்து வீடு திரும்பியவர் தம் பிள்ளை அழைக்கும் குரலைக் கேளாதவராய்த் திரும்பினார். உயிருக்கு விலையாகச் செவியைக் கொடுத்தார் என்று இதை ஏற்றுக்கொண்டிருந்தது உலகம். 'பெடாகுவிலின்' என்ற மாத்திரை 2012-இல் வந்தது. 2018-இல் தென்னாப்பிரிக்கா ஊசியை நீக்கி இம்மாத்திரையை முன்னிறுத்தத் துணிந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினையும் காப்ரியோமைசினையும் அத்தியாவசியப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது.

நீக்கினால் போதுமா? மாத்திரை ஏழைக்கு எட்ட வேண்டுமே! பெடாகுவிலினுக்கான காப்புரிமையை ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியபோது, அதை எதிர்த்து 2019-இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தவர்கள் இரு பெண்கள்: மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பூமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் ஊசிக்குச் செவியைப் பறிகொடுத்தவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் வென்றனர். தம் செவி இனித் திரும்பாது என்று அறிந்தும் பிறர் செவிக்காக வழக்காடிய இவ்விருவரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இன்று அவ்வகைக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரையாகவே முடியும் சிகிச்சை முறையை 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் 2024-இல் இந்திய அரசும் ஏற்றுள்ளன. காசநோயை வீட்டிலிருந்தே மாத்திரையால் குணமாக்கலாம் என்று உலகுக்கு முதலில் மெய்ப்பித்த இடமும் நம் சென்னையே. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வாயால் உண்ணும் இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்து, சானடோரியத்தில் படுத்தவரும் நெரிசலான வீட்டில் தங்கியவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதை 1959-இல் வெளியிட்டது.

வயிற்றுப்போக்கின் கதையைப் பலரும் அறிவீர்கள். 1971-இல் வங்கதேசத்து அகதிகள் தங்கிய போங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. சளிக்காய்ச்சலிலும் இதே பாடம் உண்டு. எட்டு நாடுகளில் 1,702 குழந்தைகளிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், நெஞ்சு உள்வாங்கும் அளவுக்கு நிமோனியா கண்ட குழந்தைகளுக்குப் பெனிசிலின் ஊசியும் அமாக்சிசிலின் பாகும் சரிசமமாகவே பலன் தந்தன. பத்தாண்டுக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் அத்தகைய குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தையே பரிந்துரைத்தது.

இவ்வளவு சொன்னதால் ஊசிக்கு நாம் பகைவர் என்று எவரும் கருத வேண்டாம். பாம்பு கடித்தவனுக்கு மாத்திரை இல்லை. பிரசவத்தில் இரத்தம் பெருகும் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசியே முதல் துணை. குளிர்பெட்டியும் ஊசி போடுவாரும் இல்லாத இடத்தில்தான் மிசோபுரோஸ்டால் மாத்திரை. பேறுகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட், சர்க்கரை நோயுற்ற சிறுவனுக்கு இன்சுலின், குழந்தைகளுக்குத் தடுப்பூசி - இவற்றை எந்தப் பட்டியலிலிருந்தும் எவரும் நீக்கலாகாது. ஊசியே வென்ற இடமும் உண்டு. பீகாரில் காலா அசார் நோய்க்கு மில்டிபோசின் என்ற மாத்திரை 2002-இல் வந்தபோது பெரிதும் மகிழ்ந்தார்கள். 28 நாள் விடாமல் உண்ண வேண்டிய அதை ஏழை நோயாளிகள் பாதியில் நிறுத்தினர். கருவுற்ற பெண்களுக்கு அது ஆகாது. கிருமியும் பழகத் தொடங்கிற்று. இன்று ஒரே நாளில் நரம்பில் ஏற்றி முடியும் ஆம்போடெரிசின் ஊசியே அங்கு முதல் மருந்து. ஆகவே எண்ணிப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அன்று.

மக்கள் ஒப்புவார்களா என்ற ஐயம் மருத்துவர்களுக்கு எப்போதும் உண்டு. இந்தோனேசியாவில் யோக்யகார்த்தா வட்டாரச் சுகாதார நிலையங்களில், மருந்து எழுதுவோரையும் நோயாளிகளையும் ஒரே அறையில் அமர்த்தி, ஊசியைப் பற்றி மனம்விட்டுப் பேசச் செய்தனர். நோயாளிகளுக்கு ஊசிதான் வேண்டும் என்று மருத்துவப் பணியாளர் நம்பியிருந்தனர். நோயாளிகளோ பலர் அப்படிக் கேட்கவே இல்லை! அப்பேச்சுக்குப் பின் ஊசி பெறுவோர் நூற்றுக்கு 70 என்பதிலிருந்து 42 ஆகக் குறைந்தனர். 1996-இல் வெளியான செய்தி இது. ஆகவே அன்னையரே, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது "இதற்கு மாத்திரை இருக்கிறதா, டாக்டர்?" என்று முதலில் நீங்களே கேளுங்கள். அவருக்கும் அது ஒரு விடுதலையாக இருக்கும்.

நம் மறைமாவட்டங்களில் அருட்சகோதரியர் நடத்தும் சிறு மருந்தகங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் வாங்கும் மருந்துகளின் பட்டியல் ஒன்றிருக்கும். அடுத்த கொள்முதலுக்கு முன் மருத்துவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அதில் ஊசி என்று எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் போடும் டைக்ளோபினாக் ஊசியின் இடத்தில் பாராசிட்டமால் மாத்திரை நிற்கும். பி12 ஊசிக்குப் பதிலாக உயர் அளவு மாத்திரை பெரும்பாலோருக்குப் போதும். இரும்புச்சத்து ஊசி தேவைப்படும் அளவுக்கு இரத்தம் குறைந்த தாயை மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை, மற்றவர்களுக்கு மாத்திரை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கென்று வைத்திருக்கும் ஜென்டாமைசினை எடுத்துவிட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் வையுங்கள். வாதக்காய்ச்சலால் இதயம் கெட்ட பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பெனிசிலினை மட்டும் தொட வேண்டாம். அது இருக்கட்டும், அதன் பக்கத்தில் அட்ரினலினும் இருக்கட்டும்.